கங்குக்கும் பலகைக்கும் நடுவே

1952-இல் சிகாகோவின் வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ் என்ற உலோகப் பட்டறையில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் வேலை பார்த்துவந்தார். நீர்வழிகளில் மிதக்கவிடும் மிதவைகளுக்காக அங்கே இரும்புத் தகட்டை அரைக்கோளமாக வளைத்துப் பற்றவைப்பார்கள். வீட்டுக் கொல்லையில் திறந்த அடுப்பில் இறைச்சி சுடும்போதெல்லாம் காற்றும் மழையும் படுத்தும் பாடு ஸ்டீபனுக்குப் பொறுக்கவில்லை. ஓர் அரைக்கோளத்தைக் கிண்ணமாகவும் இன்னொன்றை மூடியாகவும் எடுத்துக்கொண்டார். கீழே மூன்று கால் மாட்டினார். காற்றுக்குத் துளை போட்டார். கெட்டில் கிரில் என்று இன்று உலகம் முழுக்க அறியப்படும் கரியடுப்பு அப்படித்தான் வந்தது. ஹென்றி ஃபோர்டு மாடல் டி கார்களின் மரக்கழிவில் இருந்து செய்யத் தொடங்கிய கரிக்கட்டி வியாபாரம் கைமாறி, கிங்ஸ்ஃபோர்டு என்ற பெயர் பெற்றது அதற்கு முந்தைய ஆண்டு. போருக்குப் பிறகு அமெரிக்காவில் புறநகர் வீடுகள் பெருகிக்கொண்டிருந்தன. அந்த வீடுகளின் கொல்லைப்புறங்களில் அடுப்பும் கரியும் சேர்ந்தே குடியேறின.

ஸ்டீபனின் வடிவம் ஏறத்தாழ அப்படியே இன்றும் விற்கிறது. அதன் குறையும் அப்படியே இருக்கிறது. சுடவேண்டிய இறைச்சித் தட்டு, சுட்டதை எடுத்துவைக்கும் தட்டு, இடுக்கி, உப்பு, எண்ணெய்க் கிண்ணம், கழற்றிய மூடி என்று எதையும் வைக்க இடம் கிடையாது. போதாக்குறைக்கு உயரமும் குறைவு. அமெரிக்கச் சமையலறை மேடையின் வழக்கமான உயரம் 36 அங்குலம், அதாவது 91 சென்டிமீட்டர். கெட்டிலின் வலைத்தட்டு அதற்கு நன்றாகக் கீழே இருப்பதால் நெடுநேரம் குனிந்து நிற்பவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டு குறைகளையும் ஒரே அடியில் தீர்க்க, கையில் ரம்பம் பிடிக்கத் தெரிந்த அமெரிக்கர்கள் பலர் ஒரு மர மேசை செய்து அடுப்பை அதோடு சேர்த்துவிடுகிறார்கள். அங்கே வார இறுதித் தச்சுவேலையில் இது வழக்கமான ஒன்றாகிவிட்டது.

சேர்ப்பதில் மூன்று வழக்கங்கள் உண்டு. அடுப்பை அதன் காலிலேயே நிற்கவிட்டு, பக்கத்தில் தனி மேசை போடுவது முதல் வழக்கம். மேசையின் ஒரு விளிம்பைப் பிறை போல வெட்டி அடுப்பை அதற்குள் பாதி ஒதுங்க வைப்பது இரண்டாவது. மூன்றாவதில் கால்களைக் கழற்றிவிட்டு, மேசைப் பலகையின் நடுவே வட்டமாகத் துளை வெட்டிக் கிண்ணத்தை அதில் தொங்கவிடுகிறார்கள். பார்க்க மிக அழகானது மூன்றாவதுதான். எல்லோரும் செய்ய விரும்புவதும் அதைத்தான். சிக்கல் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

வெபர் கரியடுப்போடு வரும் கையேடு இதில் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறது. தீப்பற்றக்கூடிய எந்தப் பொருளுக்கும் ஐந்தடிக்குள், அதாவது ஒன்றரை மீட்டருக்குள், அடுப்பைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. தீப்பற்றக்கூடிய பொருள் எது என்பதற்கு மரத்தாலான தாழ்வாரத்தையும் திண்ணைத் தளத்தையுமே எடுத்துக்காட்டாகத் தருகிறது. தரைக்கே அந்த விதி என்றால், கிண்ணத்தை நாலாபுறமும் தழுவி நிற்கும் பலகையின் கதி என்ன? துளையைச் சுற்றி எத்தனை அங்குலம் விட்டால் போதும் என்று மேசை செய்பவர்கள் தங்களுக்குள் விவாதிப்பதைக் காணலாம். அரை அங்குலம் என்பார் ஒருவர், இரண்டு என்பார் இன்னொருவர். கையேட்டில் இருக்கும் எண் ஐந்தடி. பேச்சு அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

ஐந்தடி என்பது பயந்த வக்கீல் எழுதிய எண் என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று பார்த்தால் அப்படி ஒதுக்கத் தோன்றாது. காற்று வாங்கி எரியும் கரிக்கங்கு 600 டிகிரி செல்சியஸை எளிதாகத் தாண்டும். மூடி போட்ட கெட்டிலுக்குள், மெதுவாகப் புகையில் வேகவைக்கும்போது 120 டிகிரி வரையும், நேர்நெருப்பில் சுடும்போது 290 டிகிரி வரையும் சூடு இருக்கும். அந்தச் சூட்டை வெளியே விடாமல் தடுப்பது எது? எனாமல் பூசிய மெல்லிய இரும்புத் தகடு ஒன்றே. எனாமல் துருவைத் தடுக்கும், வெப்பத்தைத் தடுக்காது. கிண்ணத்தின் வெளிப்புறம் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாகச் சுற்றிலும் கொட்டுகிறது. கதிர்வீச்சு வெப்பநிலையோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 150 டிகிரியில் இருக்கும் தகட்டைவிட 250 டிகிரியில் இருக்கும் தகடு ஏறத்தாழ 2.3 மடங்கு கதிர்வீசும். மெதுவாகச் சமைத்த நாட்களில் ஒரு குறையும் இல்லாத மேசை, கரியை அள்ளிப்போட்டு மாட்டிறைச்சித் துண்டுகளைச் சுட்ட ஒரே மாலையில் கருகுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

மரத்தின் தரப்பிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மரம் தீப்பற்ற 250 டிகிரிக்கு மேல் வேண்டும், நம் பலகைக்கு அவ்வளவு சூடு எங்கே வரப்போகிறது என்று பலர் ஆறுதல் கொள்வதுண்டு. தீப்பொறி பக்கத்தில் இருக்க, சில நிமிடங்களில் பற்றவேண்டும் என்றால் அந்த எண் சரி. மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மீண்டும் மீண்டும் சூடேறும் மரத்துக்கு அது பொருந்தாது. அப்படிப்பட்ட மரம் மெல்ல மெல்ல ஈரம் இழந்து, பழுப்பேறி, கரியாக மாறுகிறது. கரியான மரம் புது மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே உள்ளுக்குள் புகையத் தொடங்கிவிடும். தீப்பற்றுதலைப் பற்றி 2003-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்ட ஆய்வாளர் வைடெனிஸ் பாப்ரௌஸ்காஸ், நீண்டகாலம் சூடு படும் மரத்துக்குச் சுமார் 77 டிகிரியைத்தான் எல்லையாகக் கொள்ளவேண்டும் என்று வாதிட்டவர். நீராவிக் குழாய்களையும் புகைபோக்கிகளையும் ஒட்டிய சட்டங்களில் நேர்ந்த தீ விபத்துகள் இந்த வாதத்துக்குப் பின்னால் இருக்கின்றன. வாரம் ஒருமுறை மூட்டும் அடுப்பு நாள்முழுக்கக் கொதிக்கும் நீராவிக் குழாய்க்குச் சமம் இல்லைதான். ஆனாலும் நேற்றுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது மரத்தைப் பொறுத்தவரை நல்ல சாட்சியம் ஆகாது.

இந்த இடத்தில் சீனச்சட்டி போன்ற கெட்டிலையும் கமாடோ எனப்படும் பீங்கான் அடுப்பையும் பிரித்துப் பார்க்கவேண்டும். மேசைத் துளைக்குள் உட்கார்ந்திருக்கும் அடுப்புகளின் அழகான படங்களில் பல, கமாடோ படங்களே. எட் ஃபிஷர் 1974-இல் அட்லாண்டாவில் தொடங்கிய பிக் கிரீன் எக் நிறுவனம் தன் முட்டை வடிவ அடுப்புக்கு மர மேசைகளையும் சேர்த்தே விற்கிறது. தடித்த பீங்கான் சுவர் உள்சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்வதால் அதன் வெளிப்புறம் கெட்டில் அளவுக்குக் காய்வதில்லை. அப்படியிருந்தும் அந்த நிறுவனம் முட்டையை மரத்தின்மேல் நேரடியாக வைக்கவே கூடாது என்று எச்சரிக்கிறது. அடியில் உலோகக் கால் வைத்த தாங்கியோ, கனமான கான்கிரீட் பலகையோ இருந்தாக வேண்டும். மேலே பலகையில் துளைக்கும் அடுப்புக்கும் இடையே வெற்றிடம் விடப்படுகிறது. பெரிய அளவு முட்டை ஒன்று 70 கிலோவுக்கு மேல் எடையுள்ளது என்பதால் கீழ்த்தட்டும் அதைத் தாங்கும் பலத்தோடு செய்யப்படுகிறது. பீங்கானுக்கே இவ்வளவு முன்னெச்சரிக்கை. அந்த மேசையின் வரைபடத்தை அப்படியே எடுத்து, துளையின் அளவை மட்டும் 22 அங்குலக் கெட்டிலுக்கு மாற்றிக்கொள்வது பெரிய தவறு.

வெபர் நிறுவனமே மேசையோடு சேர்த்து விற்கும் பெர்ஃபார்மர் என்ற வகையைப் பார்த்தால் விடை கொஞ்சம் தெளிவாகிறது. அதில் கெட்டில் ஓர் இரும்புச் சட்ட வண்டியில் ஒருபக்கமாக அமர்ந்திருக்கிறது; வேலை செய்யும் பரப்பு மறுபக்கம். அடுப்பின் மற்றப் பக்கங்கள் காற்றுக்குத் திறந்தே இருக்கின்றன. மேசைப் பரப்பும் மரத்தால் ஆனதில்லை. அடுப்பைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் மேசை செய்தபோது மரத்தையும் விட்டார்கள், சுற்றி வளைப்பதையும் விட்டார்கள்.

எல்லாம் தெரிந்தும் துளை வெட்டித்தான் ஆவேன் என்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் செய்த மேசைகளில் நெடுநாள் உழைத்தவற்றைக் கவனித்தால் பொதுவான சில பண்புகள் தெரிகின்றன. அவற்றில் கிண்ணத்தின் பாரம் மரத்தில் இறங்குவதில்லை. கீழே உள்ள சட்டத்தில் முடுக்கிய இரும்புக் கோண்களோ இரும்பு வளையமோ கிண்ணத்தைத் தாங்குகின்றன. துளை தாராளமாக இருக்கிறது. துளையின் உள்விளிம்பில் உலோகத் தகடு வளைத்துப் பொருத்தப்பட்டிருக்கிறது. அந்தத் தகடும் மரத்தோடு ஒட்டாமல் சிறு குழாய்த் துண்டுகளின் மேல் தள்ளி நிற்கிறது.

கடைசியாகச் சொன்னதுதான் பலர் கோட்டைவிடும் இடம். தகட்டை மரத்தின்மேல் நேராக ஆணி அடித்துவிட்டால், வாங்கிய சூட்டை அது அப்படியே மரத்துக்குக் கடத்திவிடும். சிமெண்ட் பலகையும் ஓடும் அப்படித்தான்; அவை எரியாது என்பது உண்மை, சூட்டைக் கடத்தாது என்பது உண்மையன்று. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 211-ஆம் எண் விதித்தொகுப்பு, வீட்டுக்குள் வைக்கும் விறகடுப்புக்கும் மரச்சுவருக்கும் இடையே 36 அங்குலம் கேட்கிறது. சுவருக்கு முன்னால் ஓர் அங்குலக் காற்றிடைவெளி விட்டு 24 கேஜ் இரும்புத் தகடு நிறுத்தினால் 12 அங்குலமாகக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறது. மெல்லிய தகடு ஒன்று இரண்டு அடியை மிச்சப்படுத்துகிறது என்றால், அந்தப் பெருமை தகட்டுக்குப் பின்னால் கீழிருந்து மேலாக ஓடும் காற்றுக்கே சேரும். விறகடுப்புக்கான அந்த எண்களைக் கொல்லைப்புறக் கரியடுப்புக்கு அப்படியே பொருத்தமுடியாது. அவற்றின் அடிப்படை பொருந்தும். இந்த மேசையில் காற்றும் ஒரு கட்டுமானப் பொருள். அதற்கும் அளவெடுத்து இடம் ஒதுக்கவேண்டும்.

கிண்ணத்துக்கு அடியிலும் கவனம் வேண்டும். கெட்டிலுக்கு மூச்சு அடிப்புறத் துவாரங்கள் வழியாகத்தான் போகிறது. சாம்பலைத் தள்ளும் நெம்புகோலும் அங்கேதான் இருக்கிறது. அது இடமும் வலமும் திரும்ப இடம் வேண்டும், கை நுழையவும் இடம் வேண்டும். அழகுக்காகக் கீழே கதவு வைத்து அலமாரியாக அடைத்துவிட்டால் நெருப்புக்குக் காற்று குறையும், உதிரும் பொறி மரப்பெட்டிக்குள் விழும். கீழ்த்தட்டு வைத்தே ஆகவேண்டுமானால் இடைவெளி விட்ட சட்டங்களாக வைத்து, கிண்ணத்துக்கு நேர்கீழே மட்டும் இரும்புத் தகடு விரிக்கலாம். கரிப்பையும் தீமூட்டும் திரவமும் அந்தத் தட்டுக்கு வரவே கூடாது. இடம் கச்சிதமாக இருக்கிறதே என்று அங்கேதான் பலரும் வைக்கிறார்கள்.

மரத்தைப் பற்றிய கேள்விக்கு விடை எளிது. வெளியே மழையிலும் வெயிலிலும் நிற்கப்போகும் மேசை இது. வட அமெரிக்காவில் செஞ்சீடர், ரெட்வுட், வெள்ளை ஓக் ஆகியவற்றை நாடுகிறார்கள்; கைநிறையக் காசிருந்தால் தேக்கு. வெள்ளை ஓக்கின் நுண்குழாய்கள் இயற்கையாகவே அடைபட்டிருப்பதால் தண்ணீர் ஏறாது. சிவப்பு ஓக்கில் அவை திறந்தே இருப்பதால் வெளிவேலைக்கு அது ஆகாது. சீடர் எடை குறைந்தது, உளிக்கு இணங்குவது, ஆனால் மென்மையானது. வாணலியைத் தூக்கிப்போட்டால் பள்ளம் விழும். பலகைகளை ஒட்டுப்பசை போட்டு ஒரே பரப்பாக இணைக்காமல், மழைநீர் வடியவும் மரம் உப்பிச் சுருங்கவும் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு முடுக்குவது நல்லது. அகலவாக்கில் மரம் அசையும். அதை அசையவிடாமல் பூட்டிப்போட்டால் பிளக்கும். அடுப்பின் ஒருபக்கச் சூடு அந்த அசைவை இன்னும் கூட்டிவிடுகிறது.

விலை மலிவு என்று மருந்தேற்றிய மரத்தைத் தேர்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். குரோமியம், தாமிரம், ஆர்செனிக் கலந்த மருந்தை ஏற்றிய மரம் அமெரிக்காவில் பல்லாண்டுகளாக வீட்டு வேலைகளுக்கு விற்கப்பட்டது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2003 முடிவோடு தயாரிப்பாளர்கள் அதை வீட்டு உபயோகத்தில் இருந்து விலக்கிக்கொண்டார்கள். அதற்கு முன் கட்டிய தளங்களைப் பிரித்தெடுத்த பழைய பலகைகள் இன்றும் கைமாறுகின்றன. அவை கருகினால் புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் இருக்கும். உணவு வைக்கும் இடத்துக்கு, அதுவும் நெருப்பின் ஓரத்துக்கு, எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழம்பலகையைக் கொண்டுவருவது வேண்டாத வேலை. இப்போது விற்கும் தாமிர மருந்து மரத்தில் ஆர்செனிக் இல்லை. அது சாதாரண இரும்பு ஆணியை அரித்துவிடும் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ, தடிப்பாகத் துத்தநாகம் முக்கியெடுத்த திருகோ வேண்டும்.

மேசையின் உயரத்தைக் கையேட்டைப் பார்த்து முடிவு செய்யாமல், சமைப்பவரின் முழங்கையைப் பார்த்து முடிவு செய்யலாம். சக்கரம் வைத்தால் குறைந்தது இரண்டிலாவது பூட்டு இருக்கவேண்டும். நெருப்போடு இருக்கும் மேசையைத் தள்ளவே கூடாது. கால்களுக்கு நடுவே மூலைவிட்டச் சட்டம் இல்லாத மேசை சில மாதங்களிலேயே ஆடத் தொடங்கும். ஆடும் மேசையில் கங்கு நிறைந்த கிண்ணம் தொங்குவது எவ்வளவு ஆபத்து என்று விளக்கத் தேவையில்லை.

மெருகு பூசும் நாளில் இன்னொரு நெருப்பு காத்திருக்கிறது. இது அடுப்பு மூட்டாமலே வருவது. ஆளிவிதை எண்ணெயும் அதைக் கலந்து செய்யும் பல மர எண்ணெய்களும் காயும்போது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வெப்பத்தை வெளியிடுகின்றன. பலகையில் மெல்லப் பரவிய எண்ணெயின் சூடு காற்றில் கலைந்துவிடும். சுருட்டிப்போட்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறித் தானாகவே தீப்பற்றும். 1991 பிப்ரவரி 23-ஆம் நாள் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடி கொண்ட ஒன் மெரிடியன் பிளாசா கட்டடம் எரிந்தது. 22-ஆம் மாடியில் மரப்பலகைகளைத் துடைத்துவிட்டுப் போட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணிகளில் இருந்து அது கிளம்பியது. மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். துணியை விரித்து வெளியில் ஒற்றையாகக் காயவிடுவதும், தண்ணீரில் நனைத்து மூடியுள்ள இரும்பு டப்பாவில் போடுவதும் ஐந்து நிமிட வேலை. மேசைத் திட்டங்களைச் சொல்லிக்கொடுப்பவர்கள் எந்த எண்ணெய் எவ்வளவு பளபளக்கும் என்று விரிவாகப் பேசுகிறார்கள். துணியை என்ன செய்வது என்பதையும் அதே அளவு அழுத்தமாகச் சொல்லவேண்டும்.

அடுப்பு அணைந்த பிறகும் ஆபத்து முடிவதில்லை. மூடியைப் போட்டுத் துவாரங்களை அடைத்தால் கங்கு மூச்சடங்கும். ஆனால் நீறு பூத்த நெருப்பு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அந்தச் சாம்பலை அவசரமாகக் காகிதப் பையிலோ பிளாஸ்டிக் தொட்டியிலோ கொட்டினால் மேசை தப்பித்து வீடு எரியும். மூடியுள்ள உலோக வாளி ஒன்று மேசைக்கு அருகே எப்போதும் இருக்கவேண்டும், மரத்தளத்தின்மேல் அன்று, மண்ணிலோ கல்லிலோ. 2014 முதல் 2018 வரையிலான ஐந்தாண்டுகளில் அமெரிக்க வீடுகளில் கிரில் தொடர்பான தீ விபத்துகள் ஆண்டுக்குச் சராசரியாக 10,600 நேர்ந்தன என்பது அந்தத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் கணக்கு. ஆண்டுக்குச் சராசரியாகப் பத்துப் பேர் இறந்தார்கள். அவற்றில் சுமார் 8,900 எரிவாயு அடுப்புகளாலும் 1,300 கரி போன்ற திட எரிபொருள் அடுப்புகளாலும் வந்தவை. எரிவாயு அடுப்புகளே மிகுதியாகப் புழங்கும் நாட்டின் கணக்கு இது என்பதால், கரி பாதுகாப்பானது என்று இதிலிருந்து முடிவு கட்ட வழியில்லை.

அப்படியானால் கெட்டிலுக்கு மேசையே கூடாதா? கூடும். அடுப்பைத் தன் காலில், கல் பாவிய தரையில் நிற்கவிடுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் இடுக்கியும் தட்டும் வைக்க, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சிறிய தாங்கி ஒன்று போதும். மர மேசையை ஐந்தடி தள்ளிப் போடுங்கள். ஐந்தடி என்பது இரண்டு எட்டு. அந்தத் தூரத்தில் நிற்கும் மேசைக்குத் தேக்கும் போடலாம், சீடரும் போடலாம், விரும்பிய எண்ணெயும் பூசலாம். அதில் காய்கறி நறுக்கலாம், விருந்தினரும் சுற்றி நிற்கலாம், குழந்தைகளின் கையும் கிண்ணத்தில் படாது. தச்சுவேலையின் இன்பம் எதுவும் இதில் குறைவதில்லை. வட்டத் துளை வெட்டும் வேலை ஒன்றுதான் குறைகிறது. ஒரே பொருளாகத்தான் வேண்டும் என்பவருக்கு இரும்புச் சட்டத்தில் அடுப்பை ஒரு கோடியில் வைத்து, அதை ஒட்டிய பரப்பை உலோகத்திலோ கல்லிலோ செய்வது அடுத்த நல்ல வழி. மரத்தின் நடுவே துளை வெட்டித் தொங்கவிடுவது மூன்றிலும் கடைசி.

ஏற்கெனவே துளை வெட்டிய மேசை வீட்டில் இருந்தால், அடுத்த முறை அடுப்பு நன்றாக ஆறிய பிறகு கிண்ணத்தைத் தூக்கிவிட்டு, துளையின் உள்விளிம்பையும் பலகையின் அடிப்புறத்தையும் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். மரம் பழுப்பேறியிருந்தாலோ, கரிவாடை அடித்தாலோ, அந்த மேசையில் இனி நெருப்பு மூட்டவேண்டாம்.